வால்டரின் ஞானஸ்நானச் சீட்டு

மர்சலினுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்த சொல் அவள் மண்டையை விட்டுப் போனதில்லை. சாந்தோம் கோயிலில் மாதா பிரார்த்தனை சொல்லும்போது உபதேசியார் ராஜநாயகம் ஒரு வரியை விட்டுவிட்டால், பெண்கள் பக்கத்திலிருந்து மர்சலின்தான் அந்த வரியை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்வார்கள். அவர் கையில் புத்தகம் இருக்கும். அவள் கையில் ஒன்றும் இருக்காது.

அவள் புருஷன் லாசர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். மார்ச்சளி வந்து நான்கே நாளில் போய்விட்டான். மிச்சம் இருந்தது ஒரே பையன், வால்டர். பையனை வளர்க்க மர்சலின் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். வக்கீல் சிதம்பரநாதன் வீடு. சைவ வீடு. மர்சலின் அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டாள், வைக்கவும் விடமாட்டார்கள். கொல்லைக் கதவு வழியாக வந்து பாத்திரம் தேய்த்து, மிளகாய் இடித்து, துணி துவைத்துவிட்டுக் கொல்லைக் கதவு வழியாகவே போய்விடுவாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதுமில்லை. அங்கே கிணற்றுத் தண்ணீர் இனிப்பாக இருக்கும், வக்கீல் சம்சாரம் முத்துலட்சுமி அம்மாள் மோர் கொடுத்தால் செம்பு நிறையக் கொடுப்பாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம் தை மாதம். சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் இன்னும் இறங்கவில்லை. நம் ஊர் வரைக்கும் வரும் என்று யாரும் நினைக்காத காலம். சாந்தோமில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பேச்சு, கோயிலில் ஒரு பேச்சு, மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பேச்சு. கோயிலில் சாமியார் ராஜாவுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்வார். குழாயடியில் மீன்காரி கிளாடிஸ், "ராசா ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா? எவன் வந்தாலும் வஞ்சிரத்துக்குப் பேரம்தான் பேசப் போறான்" என்பாள். மாட வீதியில் மட்டும் சுவர்களில் கரியால் எழுதியிருக்கும். மறுநாள் அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அதற்கு மறுநாள் அதே இடத்தில் இன்னும் பெரிதாக எழுதியிருக்கும்.

அந்த எழுத்து என்னவென்று மர்சலினுக்குத் தெரிந்தது சிதம்பரநாதன் வாயால்தான். அவர் சத்தியாக்கிரகம் செய்ய முடிவெடுத்திருந்தார். தெருவில் நின்று யுத்தத்துக்கு எதிராக ஒரு வாசகம் சொல்ல வேண்டும், சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பத்து நாளாக ஒத்திகை. கோர்ட்டில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்தான். ஆனால் இந்த இரண்டு வாக்கியம் மட்டும் அவருக்கு நாக்கில் தங்கவில்லை. கூடத்தில் சொன்னால் முத்துலட்சுமி அம்மாள் அழுகிறாள் என்று கொல்லைப்புறம் வந்து, கிணற்றுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பார்.

"வெள்ளைக்காரன் நடத்தும் இந்தச் சண்டைக்கு ஆளைக் கொடுத்து உதவுவதும் தவறு, பணத்தைக் கொடுத்து உதவுவதும் தவறு. எந்தச் சண்டையையும்... எந்தச் சண்டையையும்..."

"அடிதடி இல்லாம எதிர்த்து நிக்கிறதே சரியான வழி" என்றாள் மர்சலின், துவைகல்லிலிருந்து தலையைத் தூக்காமல்.

வக்கீல் நின்றுவிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நாளா இத்தையேதானே ஐயா சொல்லிக்கினு கீறீங்க. மாடு கூட சொல்லும்."

அவர் சிரித்தார். அதற்கப்புறம் அவள் துவைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள், அவர் முடிப்பார். அவள் அதை மாதா பிரார்த்தனை சொல்கிற மாதிரி, வரிக்கு வரி இறக்கி நிறுத்தி, ராகத்தோடுதான் சொல்வாள். மனப்பாடமாகச் சொல்ல அவளுக்கு வேறு முறை தெரியாது.

சொன்ன நாளும் வந்தது. காலை எட்டு மணிக்குத் தெப்பக்குளத்து மூலையில் வக்கீல் கதர் வேட்டி கட்டி நின்றார். முத்துலட்சுமி அம்மாள் ஆரத்தி எடுத்தாள். கூட்டம் சேர்ந்தது. அவருக்கு முன்னாலேயே போலீஸ் வண்டி வந்து நின்றிருந்ததுதான் மர்சலினுக்கு அதிசயம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, "ஆச்சா சார்?" என்று கேட்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். வக்கீல் இரண்டு வாக்கியமும் தடுமாறாமல் சொன்னார். கழுத்தில் மாலை விழுந்தது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் கையைக் காட்ட, அவர் வண்டியில் ஏறினார். கும்பிடுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் தண்டனை என்று சாயந்திரம் செய்தி வந்தது.

மர்சலின் நடந்தே சாந்தோமுக்குத் திரும்பினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. கத்தி இல்லை, கல் இல்லை, வாயால் சொன்ன சொல்லுக்கு வண்டி கட்டிக்கொண்டு சர்க்காரே வந்து நிற்கிறதே. அந்தச் சொல் தனக்கும் தெரியும் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

வீட்டில் வால்டரிடம் சொன்னாள். அவன் லஸ்ஸில் ஒரு மோட்டார் பட்டறையில் லாரி கழுவிக்கொண்டிருந்தான். வயது பதினேழு. கால் நீளம், கை நீளம், சட்டைதான் எப்போதும் குட்டை. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்:

"ஆளைக் குடுக்காதன்னு சொல்றாரே, அவரு ஊட்ல எவனாவது வந்து ஆள் கேட்டானா?"

"பெரியவங்களைப் பத்தி அப்பிடிப் பேசாத."

"பேசலம்மா. கேக்கறேன். அவரு ஜெயிலுக்குப் போனா மாலை. நான் லாரி கழுவுனா கிரீஸு. பட்டாளத்துல சேந்தா லாரி ஓட்டவே கத்துத் தர்றான். பூட்ஸு, சட்டை, எல்லாம் அளவெடுத்துக் குடுக்கறான்."

"உனக்குப் பதினெட்டே ஆவல" என்றாள் மர்சலின். அதோடு பேச்சு முடிந்ததாக அவள் நினைத்தாள். பதினெட்டு முடியாதவனை எடுக்க மாட்டார்கள் என்பது குழாயடியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மர்சலினுக்கு வால்டர் என்ற பெயரில் பிறந்த பிள்ளை இவன் மட்டுமில்லை. இவனுக்கு நான்கு வருஷம் முன்னால், இருபதாம் வருஷத்தில், முதல் பிள்ளை ஒன்று பிறந்தது. துறைமுகத்தில் தனக்குப் பிடித்த ஒரு வெள்ளைக்கார மேஸ்திரியின் பெயரை லாசர் அதற்கு வைத்தான். அந்தக் குழந்தை நடக்கப் பழகிய மாதத்தில் ஜுரம் கண்டு போய்விட்டது. அடுத்துப் பிறந்த ஆண் பிள்ளைக்கும் அதே பெயரையே வைத்தார்கள். அந்தத் தெருவில் அது வழக்கம்தான். ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு தடவை சூட்டிய பெயர் பாழாய்க் கிடக்கக் கூடாது, இறந்தது இன்னொரு தடவை வந்திருக்கிறது என்று பெற்றவள் மனம் ஆறட்டும் என்று சொல்வார்கள். மனம் ஆறியதா என்று யாரும் மர்சலினைக் கேட்டதில்லை. கல்லறைத் திருநாள் தோறும் அவள் அந்தச் சின்ன மண்மேட்டுக்கு ஒரு மெழுகுவத்தி வைப்பாள். இந்த வால்டர் சின்னவனாக இருந்தபோது, தன் பெயரில் ஒரு கல்லறையா என்று பயந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வான்.

வக்கீல் ஜெயிலுக்குப் போய்ப் பத்து நாள் இருக்கும். பூசை முடிந்து வெளியே வரும்போது உபதேசியார் ராஜநாயகம் மர்சலினைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கோயில் கணக்கு, ஞானஸ்நானப் புத்தகம், கலியாணப் புத்தகம், அடக்கப் புத்தகம் எல்லாம் அவர் கையில்தான். வேறு பங்குக் கோயிலிலிருந்து இங்கே வந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"மர்சலின், உன் பையனுக்கு ஞானஸ்நானச் சீட்டு எழுதிக் கொடுத்துட்டேன். சாமியார் கையெழுத்தும் வாங்கிட்டேன். பார்த்தா சின்னப் பையனாட்டம் இருக்கான், இருபத்தொண்ணு ஆயிடுச்சே!"

"யாருக்கு இருபத்தொண்ணு?"

"வால்டருக்கு. அவனே வந்து இருபதாம் வருஷத்துப் புத்தகத்தைப் பாருங்கன்னான். பார்த்தேன். வால்டர், தகப்பன் லாசர், தாய் மர்சலின். அப்படியே எழுதினேன்."

மர்சலின் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது செத்த புள்ளண்ணே" என்றாள்.

ராஜநாயகத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பிறப்பு ஒரு புத்தகத்தில், சாவு வேறு புத்தகத்தில். பிறந்ததைப் பார்த்தவர் அடக்கப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. கோயில் முத்திரை குத்தி, சாமியார் கையெழுத்தோடு, சர்க்காருக்குப் போகிற காகிதம்.

"திருப்பி வாங்கிடுங்கண்ணே."

"நேத்தே பட்டாள ஆபீசுல கொண்டுபோய்க் குடுத்துட்டானே." அவர் குரல் அடங்கிவிட்டது. "சண்டைக் காலம், மர்சலின். சர்க்காருக்குப் பொய்ச் சீட்டு குடுத்தான்னு தெரிஞ்சா பையனை அந்தமானுக்கு அனுப்பிடுவான். என்னை சாமியார் அன்னைக்கே வெளியில அனுப்பிடுவார். மூணு பொண்ணு எனக்கு, தெரியுமே உனக்கு. யார்கிட்டயும் சொல்லாதேம்மா. எப்படியாவது அவனைப் பேசி நிறுத்து."

மர்சலின் பேசினாள். கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். வால்டர் கோபப்படவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அவன் வயசு சும்மாத்தானே கெடக்குது, ம்மா" என்றான். "அவனுக்கு இன்னா பிரயோஜனம்? நான் எடுத்துக்கினேன். சின்ன வயசுல அந்த மேட்டைப் பாத்து எவ்ளோ பயந்துகீறேன். அவனும் எனக்கு எதுனா செய்யட்டும்."

வெள்ளிக்கிழமை ஆள் எடுக்கும் நாள். லஸ் பக்கத்து மைதானத்தில் கொட்டகை போட்டு, கிராமபோனில் பாண்டு வாசிக்க, மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மர்சலின் காலையிலேயே எழுந்து குளித்து, பூசைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. சீட்டைப் பற்றி வாயைத் திறந்தால் பிள்ளைக்கு அந்தமான், உபதேசியார் குடும்பத்துக்குத் தெரு. ஆனால் சண்டைக்கு எதிரான அந்தச் சொல்லைச் சொன்னால் தன்னைப் பிடிப்பார்கள் அல்லவா? சர்க்காருக்கு விரோதமாக வாசகம் சொன்னவளின் பிள்ளையை எந்தப் பட்டாளம் சேர்க்கும்? தான் ஜெயிலில் கிடக்கலாம். வால்டர் வீட்டில் இருப்பான்.

இப்படி நினைத்தது முட்டாள்தனம் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். சொல்லட்டும். பெற்றவள் கையில் அன்றைக்கு வேறென்ன இருந்தது?

மைதானத்தில் நல்ல கூட்டம். வால்டர் வரிசையில் சட்டையைக் கழற்றி நின்றிருந்தான், விலா எலும்பு தெரிய. மர்சலின் நேராகக் கொட்டகைக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். கை தானாகக் குவிந்தது. வாய் திறந்ததும் வந்தது அவள் பழகிய அந்த ராகம்தான்.

"வெள்ளைக்காரன் நடத்தும் இந்தச் சண்டைக்கு, ஆளைக் கொடுத்து உதவுவதும் தவறூ..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். மைதானத்து ஓரத்தில் கிளாடிஸும் இன்னும் நாலைந்து சாந்தோம் பெண்களும் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலும் அந்த ராகமும் காதில் விழுந்ததும், சின்ன வயது முதல் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? ஒரே குரலில் பதில் சொன்னார்கள்:

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

 வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். போலீஸ்காரன் சிரித்தான். கிராமபோனை நிறுத்தப் போனவன் சிரித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டான். கிளாடிஸ் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ மாதாவே, நான் பிரார்த்தனைன்னு நெனச்சிட்டேன்டி!" என்று கத்த, இன்னும் சிரிப்பு. மர்சலின் கண்ணைத் திறக்காமல் இரண்டாவது வரியையும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

போலீஸ் ஏட்டு கிட்டே வந்தான். "லெட்டர் குடுத்தியா?"

"இன்னா லெட்டரு?"

"கோஷம் போடறதுக்கு முன்னாடி போலீசுக்கு எழுதிக் குடுக்கணும், இன்ன தேதி, இன்ன எடம்னு. காங்கிரஸ்ல லிஸ்ட் கீது. லிஸ்ட்ல பேரு இருந்தாத்தான் சத்தியாக்கிரகி."

"நான் சொன்னது அதேதான நைனா? ஒரு எழுத்து தப்பா?"

"தப்பே இல்ல. காங்கிரஸ்காரங்களுக்கே இவ்ளோ ஒயுங்கா வராது. ஆனா லிஸ்ட்ல இல்லையே. ஊட்டுக்குப் போம்மா, வெயிலு ஏறுது."

"புடிச்சிக்கினு போ" என்றாள் மர்சலின், இரண்டு கையையும் நீட்டி.

"உன்னப் புடிச்சா என்னைத்தான் கேப்பாங்க" என்று அவன் நகர்ந்துவிட்டான்.

மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருந்தார். வயதானவர். வால்டரின் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உங்க பையனாம்மா?"

"ஆமா சாமி."

"சீட்டுல இருபத்தொண்ணு போட்டிருக்கு. பார்த்தா அப்படித் தெரியலியே. நீங்க பெத்தவங்க. சொல்லுங்க, இதுல இருக்கற வயசு சரிதானா?"

அவர் நல்லவர். அவள் இல்லையென்று தலையை ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும், அந்தக் காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருப்பார். அது மர்சலினுக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்குக் கண்ணில் பட்டது வேறு. அவர் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். காகிதத்தின் மேல் ராஜநாயகம் குத்திய நீல முத்திரை. வரிசையில் வெற்று மார்போடு நின்று அவளையே பார்க்கிற வால்டர், காது வரைக்கும் சிவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு.

"சரிதான் சாமி" என்றாள்.

குமாஸ்தா கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குச் சாயந்திரம் வால்டர் சீக்கிரமே வந்தான். அவள் மண் சட்டியில் மீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று சிரித்தான். "மானம் போச்சும்மா. எல்லாவனும் என்னை 'வேண்டிக்கொள்ளும்'னுதான் கூப்புடறான்." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ மாட்டேன்னு சொல்லிருந்தா உன்னோட பேசியே இருக்க மாட்டேன்" என்றான்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆயுசு முழுக்கப் பேசாமல் இந்தத் தெருவிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். அதை மர்சலின் பிற்காலத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ.

அவன் வடக்கே ஏதோ ஊரில் பயிற்சிக்குப் போனான். லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். பூட்ஸ் மட்டும் அளவில்லாமல் கொடுத்தார்கள் என்று எழுதினான். ஐப்பசியில் கப்பல் ஏறி மலாய் நாட்டுக்குப் போனான். கடிதங்களை ராஜநாயகம்தான் வாசித்துக் காட்டுவார். இங்கே எப்போதும் மழை, ரப்பர் மரம் வரிசையாக நம் கோயில் பெஞ்சு மாதிரி நிற்கிறது, அம்மா குழம்பு நினைவு வருகிறது, சண்டை ஒன்றும் இல்லை, பயப்படாதே. கடைசிக் கடிதம் மார்கழியில் வந்தது. அதை அவன் எழுதியபோது சண்டை ஒன்றும் இல்லை. அது அவள் கைக்கு வந்தபோது ஜப்பான்காரன் மலாயில் இறங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அதே மார்கழியில்தான் சிதம்பரநாதன், வருஷம் முடியுமுன்பே, விடுதலையாகி வந்தார். இளைத்திருந்தார். மறுபடி மாலை. மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. சித்திரையில் பட்டணத்துக்கே பயம் வந்துவிட்டது. குண்டு போடப் போகிறான் என்று ரயிலுக்கும் மாட்டு வண்டிக்கும் ஜனம் அடித்துக்கொண்டது. மயிலாப்பூரில் தெருத்தெருவாகப் பூட்டு. வக்கீல் வீட்டிலும் மூட்டை கட்டினார்கள். முத்துலட்சுமி அம்மாள் மர்சலின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் எங்களோட சிதம்பரம் ஊருக்கு வந்துடேன், தனியா இங்க என்ன பண்ணுவே?" என்றாள்.

"கடுதாசு வந்தா இந்த விலாசத்துக்குத்தானேம்மா வரும்?"

வக்கீல் கொல்லையில் நின்றிருந்தார், பழைய இடத்தில், கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் நடுவே. மெதுவாகச் சொன்னார்: "இதுக்குத்தான் மர்சலின், ஆள் கொடுக்கக் கூடாதுன்னு நாங்க தலையால அடிச்சுக்கிட்டோம்."

மர்சலின் ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நீங்க சொன்னீங்க ஐயா. நானும் சொன்னேன், மைதானத்துல, எல்லாருக்கும் கேக்கறாப்பல. சொல்ல வேண்டியத்த மட்டும் சொல்லல."

"என்ன சொல்ல வேண்டியது?"

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள். அவரும் ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

ஊர் காலியாகக் கிடந்த அந்தச் சித்திரையில் மர்சலின் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தபால்காரன் வருகிற நேரத்துக்குக் குளிக்கக்கூடப் போக மாட்டாள். குண்டும் விழவில்லை, கடிதமும் வரவில்லை. ஓடிப்போன ஜனம் ஆடிக்குள் திரும்பி வந்தது. புரட்டாசியில்தான் வந்தது அந்த அரசாங்கக் காகிதம். ராஜநாயகம் வாசித்தார். டிரைவர் வால்டர், தகப்பன் பெயர் லாசர், வயது இருபத்திரண்டு... அங்கே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இன்னா எழுதிகீறான்?"

"காணவில்லைன்னு எழுதியிருக்கான்."

"செத்துட்டான்னு எழுதலியே?"

"இல்லம்மா. காணோம்னுதான்."

"அப்ப தேடட்டும்" என்றாள்.

சண்டை ஓய்ந்து, மலாயிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்களை எல்லாம் மர்சலின் போய்ப் பார்த்தாள். ஒருவன் வால்டரை ஒரு முகாமில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன் அது வேறு வால்டர் என்றான். நாற்பத்தாறில் ஒரு நாள் அவளை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். இத்தனை நாள் தகவல் இல்லாததால் இறந்ததாகக் கொள்ள வேண்டும், தாயாருக்குச் சேர வேண்டிய பென்ஷனுக்குக் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். ராஜநாயகம் துணைக்கு வந்தார். அவருக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது.

மேஜையில் அந்தப் பழைய சீட்டு. மடித்த இடத்தில் கிழிந்து, நீல முத்திரை மங்கி. பக்கத்தில் மைப்பெட்டி. அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுக்காரர். "இங்க கட்டை விரலை வைங்கம்மா" என்றார்.

மர்சலின் சீட்டைத் தொட்டாள். "இந்தச் சீட்டுல கீறவன் இருபத்தொண்ணாம் வருசமே கொயந்தையா செத்துட்டான் சார். ஜுரத்துல. நான் கையால மண்ணு போட்டேன். அதுக்குன்னா கைநாட்டு வைக்கிறேன். பட்டாளத்துக்குப் போனவன் அவனுக்குத் தம்பி. அவனுக்குப் பதினெட்டே ஆவல. அவன் செத்தான்னு நான் விரலு வைக்க மாட்டேன்."

ராஜநாயகம் எழுந்து நின்றார்.  "தப்பா எழுதிக் குடுத்தது நான்தான் சார்."

இருவரும் காத்திருந்தார்கள். ஐந்து வருஷமாகப் பயந்த சொல் வெளியே வந்துவிட்டது. இனி என்ன செய்யப் போகிறார்களோ செய்யட்டும்.

அதிகாரி பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார். "அப்படியா? அப்ப வயசு ஒத்துப்போகலைன்னு எழுதி வச்சுடறேன். பென்ஷன் கிடைக்கிறது கஷ்டம்" என்றார். காகிதக் கட்டை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். சாமியாருக்குக்கூட யாரும் சொல்லி அனுப்பவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். மர்சலின் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மை படாத விரல்களை.

"இவ்ளோதானாண்ணே?" என்றாள். "இத்தச் சொல்றதுக்கா அன்னிக்கு பயந்துக்கினு நின்னேன்?"

ராஜநாயகத்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், இறந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டு உபதேசியார் வந்தார். பூசையில் சாமியார் வாசிப்பதற்கு, அந்த வருஷம்தான் இப்படிப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். மர்சலின் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். லாசர் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு தயங்கி, "வால்டர்... ஒரு தடவையா, ரெண்டு தடவையா?" என்றார்.

"ஒரு தபா."

"மர்சலின், ஊர்ல எல்லாரும்..."

"ஊரு சொல்லட்டும். ஒரு தபாதான். கொயந்தைக்கு."

மறுநாள் சாயந்திரம் கல்லறைத் தோட்டத்தில் எல்லா மேட்டிலும் மெழுகுவத்தி. கடல் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு பெண்கள் முழங்காலில் நின்றார்கள். சின்ன மண்மேட்டின் முன்னால் மர்சலின் முழங்காலில் நின்று மாதா பிரார்த்தனையை எடுத்துக் கொடுத்தாள். பின்னால் கிளாடிஸும் மற்றவர்களும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பிரார்த்தனை முடிந்தது. மர்சலின் எழுந்திருக்கவில்லை. அதே ராகத்தில், அதே குரலில், இன்னொரு வரியும் சொன்னாள்.

"இந்தச் சண்டைக்கு ஆளைக் கொடுத்து உதவுவதும் தவறூ..."

 ஒரு மெழுகுவத்தி அணைந்தது. கிளாடிஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை தெரிந்தே சொன்னாள், மெதுவாக.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

மற்றவர்களும் சொன்னார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.